நோயெதிர்ப்பு செல்லுக்குள் எச்.ஐ.வி.யின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவது எது?

நோயை எதிர்க்க வேண்டிய செல்லுக்குள்ளேயே எச்.ஐ.வி. புகுந்து பெருகுகிறது என்றால் அந்தச் செல் தன்னைக் காத்துக்கொள்ள எதுவும் செய்வதில்லையா, வைரஸ் எப்போது பெருக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது, மாத்திரைகள் வைரஸை ஒடுக்கிவிடுகின்றன என்றால் அவற்றை நிறுத்தியதும் அது ஏன் திரும்பி வருகிறது என்று கேட்கப்பட்டிருக்கிறது. மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எச்.ஐ.வி.யிடம் 9 மரபணுக்களும் ஏறக்குறைய 9,700 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ.வும் மட்டுமே உள்ளன. தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான மற்ற எல்லாவற்றையும் அது செல்லிடமிருந்தே பெறுகிறது. ஆகவே, செல் தன் மரபணுக்களை எப்படிக் கட்டுப்படுத்துகிறதோ அப்படியேதான் வைரஸும் பெருமளவுக்குக் கட்டுப்படுகிறது. செல் விழித்தெழுந்தால் வைரஸ் பெருகும், செல் ஓய்ந்தால் வைரஸும் ஓயும். அந்த ஓய்வு அதற்குத் தடையாக இருப்பதோடு புகலிடமாகவும் ஆகிவிடுவதுதான் இந்த நோயின் முக்கியச் சிக்கல்.

செல் எந்தெந்த இடங்களில் குறுக்கிடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். எச்.ஐ.வி. முக்கியமாகத் தாக்குவது நோயெதிர்ப்பை ஒருங்கிணைக்கும் சிடி4 டி செல்களையும் கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ்களையும். உள்ளே நுழைய, செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி4 என்ற ஏற்பியும் அதற்குத் துணையாக சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற மற்றோர் ஏற்பியும் வேண்டும். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களின் செல்களில் அந்த ஏற்பி வெளிப்புறத்தில் அமைவதே இல்லை என்பதால், அதை நம்பியிருக்கும் வைரஸ் வகைகளால் உள்ளே நுழைய முடிவதில்லை. இது 1996இல் தெரியவந்தது. ‘பெர்லின் நோயாளி’ என்று அறியப்பட்ட டிமோதி ரே பிரவுனுக்கு ரத்தப் புற்றுநோய்க்காக 2007இலும் 2008இலும் செய்யப்பட்ட ஸ்டெம் செல் மாற்றில் இத்தகைய கொடையாளரின் செல்களே செலுத்தப்பட்டன, அதன்பின் அவர் உடலில் எச்.ஐ.வி. மீண்டும் தலைதூக்கவில்லை. எனினும் வாசலை அடைப்பது வேறு, உள்ளே வந்துவிட்ட வைரஸைக் கட்டுப்படுத்துவது வேறு. கேள்வி இரண்டாவதைப் பற்றியது.

உள்ளே வந்த வைரஸ் முதலில் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுத வேண்டும். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி அதைச் செய்கிறது. இந்தக் கட்டத்தில்தான் செல்லின் மிகக் கூர்மையான ஆயுதங்கள் காத்திருக்கின்றன. அவற்றுள் ஏபோபெக்3ஜி என்ற புரதத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்வது பொருத்தம், ஏனெனில் செல்லுக்கும் வைரஸுக்கும் இடையிலான உறவு முழுவதும் அதில் தெரிகிறது. விஃப் என்ற மரபணுவை நீக்கிய எச்.ஐ.வி. சில டி செல் வகைகளில் வழக்கம்போல் பெருகியது, வேறு சிலவற்றில் பெருகவே இல்லை. இரண்டு வகைச் செல்களையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தபோது, இணைந்த செல்லிலும் வைரஸ் முடங்கியது. பெருக உதவும் பொருள் ஒன்று சில செல்களில் இல்லாமல் போயிருந்தால், இணைந்த செல்லில் மற்றது அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கும். அப்படி நடக்காததால், தடுக்கும் பொருள் ஒன்று சில செல்களில் இருக்கிறது என்பதே முடிவு. மைக்கேல் மாலிமின் ஆய்வுக் குழு 2002இல் அந்தப் பொருளைக் கண்டுபிடித்தது. அதுதான் ஏபோபெக்3ஜி.

இந்தப் புரதம் வேலை செய்யும் விதம் வியப்பானது. தான் இருக்கும் செல்லைக் காப்பதைவிட அடுத்த செல்லைக் காப்பதே இதன் முதன்மைப் பணி. புதிய வைரஸ் துகள் உருவாகும்போது அதற்குள் ஏறிக்கொண்டு, அந்தத் துகள் தொற்றும் அடுத்த செல்லுக்கு இது போய்ச் சேருகிறது. அங்கே வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பார்த்து முதல் டி.என்.ஏ. இழை எழுதப்படும்போது, அந்த இழையிலுள்ள சைட்டோசின் என்ற எழுத்துகளை யுராசில்களாக மாற்றுகிறது. அதன் விளைவாக, எதிர் இழை எழுதப்படும்போது குவானின் வர வேண்டிய இடங்களில் அடினின் வந்து அமர்கிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொடர் டி-ஜி-ஜி. அதன் நடு எழுத்து மாறி டி-ஏ-ஜி ஆகிவிட்டால், புரதம் கட்டுவதை அங்கேயே நிறுத்தச் சொல்லும் குறியாக அது மாறிவிடுகிறது. இத்தகைய மாற்றங்கள் வைரஸின் மரபணுத் தொகுதி நெடுகிலும் விழும்போது, எழுதி முடிக்கப்பட்ட டி.என்.ஏ. படிக்கத் தகாததாகப் போகிறது.

இயல்பான எச்.ஐ.வி. இதிலிருந்து எப்படித் தப்புகிறது? விஃப் புரதம் ஏபோபெக்3ஜியை நேரடியாக எதிர்ப்பதில்லை. செல்லுக்குத் தேவையற்ற புரதங்களுக்கு யுபிக்விட்டின் என்ற அடையாளத்தை ஒட்டி அழிவுக்கு அனுப்பும் ஏற்பாடு எல்லாச் செல்களிலும் உண்டு. விஃப் அந்த ஏற்பாட்டின் உறுப்பான கல்லின்5 தொகுதியை ஏபோபெக்3ஜியின்மீது திருப்பிவிடுகிறது. இதற்குச் சிபிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு செல் புரதமும் வேண்டும். டி செல்களின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் மரபணுக் கட்டுப்பாட்டில் பங்கெடுக்கும் புரதம் அது. அதையும் விஃப் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆக, செல்லின் தற்காப்பு செல்லின் துப்புரவு இயந்திரத்தாலேயே அழிக்கப்படுகிறது. வைரஸ் கொடுப்பது இரண்டையும் சேர்த்துவைக்கும் ஒரு சிறு புரதம் மட்டுமே.

இதே தந்திரம் வேறு இடங்களிலும் திரும்பத் திரும்ப வருவதால் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். புதிதாக உருவான துகள்களைச் செல்லின் வெளிச்சவ்வோடு கட்டுத்தறியில் கட்டிய கன்றுபோல் பிணைத்து நிறுத்தும் டெதரின் என்ற புரதம் 2008இல் இனங்காணப்பட்டது, அதை வைரஸின் விபியூ புரதம் அகற்றிவிடுகிறது. துகள்களின் உறையில் நுழைந்து அவை அடுத்த செல்லோடு இணையும் திறனைக் குறைக்கும் செரின்க்5 புரதம் 2015இல் தெரியவந்தது, அதைச் செல்சவ்விலிருந்து நீக்குவது வைரஸின் நெஃப் புரதம். வைரஸின் மரபணுத் தொகுதியைச் சூழ்ந்திருக்கும் கூடான கேப்சிடைப் பற்றிக்கொண்டு குலைக்கும் டிரிம்5ஆல்ஃபா விஷயம் சற்று வேறு: ரீசஸ் குரங்கின் டிரிம்5ஆல்ஃபா எச்.ஐ.வி.-1ஐ வலுவாக முடக்குகிறது, மனிதனுடையதால் அவ்வளவு முடிவதில்லை. ஓர் இனத்தின் வைரஸ் இன்னோர் இனத்துக்குத் தாவ முடிவதும் முடியாமல் போவதும் பெரும்பாலும் இத்தகைய நுண்ணிய பொருத்தங்களைச் சார்ந்தவை. வைரஸ் தொற்றை அறிவிக்கும் இன்டர்ஃபெரான் புரதம் சுரக்கும்போது இந்தத் தடைப் புரதங்களில் பலவற்றின் அளவு செல்லில் உயர்கிறது. அதனால் செல்லின் தடுக்கும் திறன் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை.

சாம்ஹெச்டி1 என்ற புரதத்தைத் தனியே குறிப்பிட வேண்டும், ஏனெனில் அது தாக்குவது வைரஸை அன்று, வைரஸுக்கு வேண்டிய மூலப்பொருளை. டி.என்.ஏ. எழுதுவதற்கு அதன் எழுத்துகளான நியூக்ளியோடைடுகள் தேவை. பிரிந்து பெருகும் செல்லுக்குத் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க அவை ஏராளமாக வேண்டும், பிரியாத செல்லுக்குப் பழுதுபார்க்கும் அளவுக்கு இருந்தால் போதும். மேக்ரோபேஜ், ஓய்வுநிலை டி செல் போன்றவற்றில் சாம்ஹெச்டி1 இந்த நியூக்ளியோடைடுகளைச் சிதைத்து அவற்றின் இருப்பை மிகத் தாழ்வாக வைத்திருக்கிறது. எழுதப் பொருளின்றி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் திணறுகிறது. செல் பிரியத் தொடங்கும்போது செல்சுழற்சியை நடத்தும் கைனேஸ் நொதிகள் சாம்ஹெச்டி1மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றி, வைரஸைத் தடுக்கும் அதன் திறனை அடக்கிவிடுகின்றன. சாம்ஹெச்டி1 வைரஸைத் தடுப்பது 2011இல் கண்டறியப்பட்டதற்கு வழிகாட்டியது எச்.ஐ.வி.யின் இன்னொரு வகையான எச்.ஐ.வி.-2. அந்த வைரஸிடம் விபிஎக்ஸ் என்ற புரதம் இருக்கிறது, அது சாம்ஹெச்டி1ஐ அழித்துவிடும். உலகம் முழுவதும் பரவிய எச்.ஐ.வி.-1இடம் அது இல்லை. இந்தக் குறை அதற்கு நன்மையாகவும் அமைந்திருக்கலாம் என்பது என் கருத்து. மேக்ரோபேஜுக்குள்ளும், கிருமிகளை டி செல்லுக்குக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிடிக் செல்லுக்குள்ளும் நிறைய வைரஸ் டி.என்.ஏ. எழுதப்பட்டால், அயல் டி.என்.ஏ.வை மோப்பம் பிடிக்கும் சிஜிஏஎஸ் என்ற உணரி விழித்து இன்டர்ஃபெரானைத் தூண்டிவிடும். எழுதாமல் இருப்பதால் பிடிபடாமலும் இருக்கிறது.

அந்த உணரியிடமிருந்து தப்புவதில் கேப்சிடுக்கும் பெரும்பங்கு உண்டு. ஏறக்குறைய 1,500 புரதத் துண்டுகள் சேர்ந்த இந்தக் கூம்புக்கூடு செல்லுக்குள் வந்ததும் உடைந்து சிதறிவிடும் என்றே நெடுங்காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2020க்குப் பின் வந்த நுண்ணோக்கிப் படங்கள் அது உட்கருவின் துளை வழியாகப் பெரிதும் குலையாமலே உள்ளே போவதைக் காட்டின. அதாவது, டி.என்.ஏ. எழுதும் வேலை கூட்டுக்குள் மறைவாக நடக்கிறது. உட்கருவுக்குள் சிபிஎஸ்எஃப்6 என்ற செல் புரதம் கேப்சிடில் உள்ள ஒரு குழிவில் பொருந்தி அதை வழிநடத்துகிறது. 2022இல் ஒப்புதல் பெற்ற, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடப்படும் லெனகாபவிர் மருந்து பற்றிக்கொள்வதும் அதே குழிவைத்தான்.

அடுத்து இன்டெக்ரேஸ் என்ற நொதி வைரஸின் டி.என்.ஏ.வைச் செல்லின் குரோமோசோமுக்குள் இணைக்கிறது. அப்படி இணைந்த வைரஸ் டி.என்.ஏ.வைப் புரோவைரஸ் என்பார்கள். எல்இடிஜிஎஃப் என்ற செல் புரதம் இன்டெக்ரேஸை, ஆர்.என்.ஏ.வாகச் சுறுசுறுப்பாகப் படியெடுக்கப்படும் மரபணுக்கள் இருக்கும் பகுதிக்கு இழுத்துச் செல்வதால், பெரும்பாலான இணைப்புகள் அத்தகைய இடங்களிலேயே நடக்கின்றன. இணைந்த நொடியிலிருந்து புரோவைரஸ் அந்தச் செல்லின் மரபணுக்களுள் ஒன்றாகிவிடுகிறது. செல் பிரிந்தால் அதுவும் நகலாகும். அதை வெட்டியெடுக்கச் செல்லிடம் வழி இல்லை. இதுவரை ‘நுழையவிடாதே, எழுதவிடாதே’ என்றிருந்த கட்டுப்பாடு இதற்குமேல் ‘படிக்க விடுவதா வேண்டாமா’ என்ற கேள்வியாக மாறுகிறது.

புரோவைரஸின் இரு முனைகளிலும் எல்டிஆர் என்ற பகுதி உண்டு. முன்முனை எல்டிஆர்தான் அதன் இயக்குபகுதி. அதில் என்எஃப்-கப்பாபி என்ற கட்டுப்பாட்டுப் புரதம் வந்து அமர இரண்டு இடங்களும் எஸ்பி1 என்பதற்கு மூன்று இடங்களும் பொதுவாக இருக்கின்றன. உலகத் தொற்றுகளில் பாதியளவுக்குக் காரணமான சி துணைவகையில் என்எஃப்-கப்பாபி இடங்கள் மூன்று அல்லது அதற்குமேல் இருக்கும். என்எஃப்-கப்பாபி டி செல்லின் சொந்தப் புரதம். செல் ஓய்ந்திருக்கையில் அது உட்கருவுக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் கட்டுண்டு கிடக்கும். கிருமி ஒன்றை அடையாளம் கண்டு டி செல் தூண்டப்பட்டதும், கட்டவிழ்ந்து உட்கருவுக்குள் போய், நோயெதிர்ப்புக்கு வேண்டிய மரபணுக்களை இயக்கும். அதே அழைப்புக்கு வைரஸும் செவிசாய்க்கிறது. உடல் வேறொரு கிருமியை எதிர்க்கத் திரளும் வேளையில் எச்.ஐ.வி. பெருகுவது இதனால்தான். ஓய்வுநிலைச் செல்லிலோ, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் அசிட்டைல் குழுக்களை நீக்கும் ஹெச்டிஏசி நொதிகள் எல்டிஆரில் குடியேறி, படியெடுப்பு தொடங்கும் இடத்துக்கு அருகே டி.என்.ஏ.வை இறுக்கிச் சுற்றி வைத்திருக்கின்றன.

படியெடுப்பு தொடங்கிவிட்டாலும் முடிவதில்லை என்பதுதான் நான் இந்த விஷயத்தில் மிகவும் ரசிக்கும் பகுதி. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்ற செல் நொதி எல்டிஆரிலிருந்து கிளம்பி ஏறக்குறைய 60 எழுத்துகளைப் படித்துவிட்டு நின்றுவிடுகிறது. என்இஎல்எஃப், டிஎஸ்ஐஎஃப் என்ற இரு புரதத் தொகுதிகள் அதை நிறுத்திவைக்கின்றன. செல்லின் பல மரபணுக்களும் இப்படித்தான் பாதியில் நிறுத்தப்பட்டுக் காத்திருக்கின்றன. நின்ற நொதியை நகர்த்துவது பி-டெஃப்பி என்ற தொகுதி, அதாவது சிடிகே9 என்ற கைனேஸும் சைக்ளின் டி1 என்ற புரதமும் சேர்ந்த இணை. அது பாலிமரேஸ்மீதும் நிறுத்திவைத்த புரதங்கள்மீதும் பாஸ்பேட்டை ஏற்றினால் படியெடுப்பு தொடரும். ஆனால் செல் பி-டெஃப்பியில் பெரும்பகுதியை 7எஸ்கே என்ற ஆர்.என்.ஏ.வோடும் ஹெக்சிம்1 புரதத்தோடும் பிணைத்துச் செயலற்று வைத்திருக்கிறது. ஓய்வுநிலை டி செல்லில் சைக்ளின் டி1இன் அளவே குறைவு.

இந்த முடிச்சை அவிழ்ப்பது வைரஸின் டாட் புரதம். அந்த முதல் 60 எழுத்துகள் டார் என்ற கொண்டையூசி வடிவில் மடிந்திருக்கும். டாட், பி-டெஃப்பியை 7எஸ்கேயிடமிருந்து பறித்துக்கொண்டு வந்து டாரின்மீது அமர்கிறது, நின்றிருந்த பாலிமரேஸ் ஓடத் தொடங்குகிறது. இந்தப் பொருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு சான்று: மனித சைக்ளின் டி1இல் 261ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. எலியின் சைக்ளின் டி1இல் அதற்கு நேரான இடத்தில் டைரோசின் இருக்கிறது. அந்த ஓர் அமினோ அமில வேறுபாட்டால் எலியின் செல்களில் டாட் சரிவர இயங்குவதில்லை.

டாட் உருவாக முதலில் சில முழுமையான படிகளாவது வெளிவர வேண்டும், முழுமையான படிகள் வெளிவர டாட் வேண்டும். தற்செயலாக ஒன்றிரண்டு படிகள் தப்பி வந்து சிறிதளவு டாட் உருவானால், அது இன்னும் படிகளையும் இன்னும் டாட்டையும் உருவாக்கி, சற்று நேரத்தில் வெள்ளமாகிவிடும். அந்தத் தற்செயல் நிகழாவிட்டால் புரோவைரஸ் அமைதியாகவே கிடக்கும். ஒரே மாதிரியான செல்களில் ஒரே வைரஸ் சிலவற்றில் பெருகியும் சிலவற்றில் உறங்கியும் போவதற்கு இந்தச் சுழற்சியின் இயல்பான ஏற்ற இறக்கமே ஒரு காரணம் என்பதை 2005 முதல் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்கடுத்தும் ஒரு தடை இருக்கிறது. இன்ட்ரான்கள் என்ற இடைத்துண்டுகள் வெட்டப்படாத ஆர்.என்.ஏ.வைச் செல் உட்கருவிலிருந்து வெளியே விடுவதில்லை. எச்.ஐ.வி.க்கோ வெட்டப்படாத முழுநீள ஆர்.என்.ஏ.தான் புதிய துகளுக்கான மரபணுத் தொகுதி. அதனால் முதலில் முழுமையாக வெட்டப்பட்ட சிறு படிகள் மட்டும் வெளியேறி டாட், ரெவ், நெஃப் ஆகிய மூன்றையும் உருவாக்குகின்றன. ரெவ் புரதம் போதிய அளவு சேர்ந்தபின் உட்கருவுக்குத் திரும்பி, முழுநீள ஆர்.என்.ஏ.வைப் பற்றி, சிஆர்எம்1 என்ற செல்லின் ஏற்றுமதிப் புரதத்தின் துணையோடு வெளியே கொண்டுவருகிறது. அளவு போதாவிட்டால் வைரஸ் பாதி வழியிலேயே நின்றுபோகும்.

தடைகள் எல்லாம் விலகிய செல்லின் நிலை என்ன என்பதை 1996இல் வெளியான கணக்கீடு காட்டுகிறது. வைரஸை உற்பத்தி செய்யும் டி செல் சராசரியாக இரண்டு நாள்களே வாழ்கிறது, சிகிச்சை பெறாதவரின் உடலில் ஒரு நாளில் ஏறக்குறைய 1,000 கோடித் துகள்கள் உருவாகின்றன. செல்லின் தற்காப்பு எப்போதும் நன்மையாக முடிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓய்வுநிலை சிடி4 செல்லில் வைரஸ் டி.என்.ஏ. அரைகுறையாக எழுதப்பட்டு நின்றுவிட்டால், ஐஎஃப்ஐ16 என்ற உணரி அதைக் கண்டு காஸ்பேஸ்-1 நொதியை இயக்கி, செல்லை அழற்சியோடு வெடித்துச் சாகச் செய்கிறது. 2014இல் வெளியான ஆய்வுகளின்படி, நிணநீர்த் திசுக்களில் மடியும் சிடி4 செல்களில் மிகப் பெரும்பாலானவை இப்படித்தான் மடிகின்றன. வைரஸை அவை வெற்றிகரமாகத் தடுத்தும் தாங்கள் பிழைக்கவில்லை. அந்த அழற்சி புதிய டி செல்களை அந்த இடத்துக்கு வரவழைத்து வைரஸுக்கு மேலும் இரையாக்குகிறது.

இனி மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் ஏன் திரும்புகிறது என்பது எளிதில் விளங்கும். இன்று பயன்பாட்டில் உள்ள மருந்துகள் நுழைவையோ, டி.என்.ஏ. எழுதுவதையோ, இணைப்பையோ, கேப்சிடையோ, துகள் முதிர்வதையோ தடுக்கின்றன. ஏற்கெனவே இணைந்துவிட்ட புரோவைரஸ் படிக்கப்படுவதைத் தடுக்கும் மருந்து எதுவும் அவற்றில் இல்லை. தொற்றிய டி செல்களில் மிகச் சில, வைரஸால் சாகும் முன்பே நினைவுச் செல்களாகி ஓய்வுக்குத் திரும்பிவிடுகின்றன. என்எஃப்-கப்பாபி கட்டுண்டுபோகிறது, பி-டெஃப்பி குறைகிறது, டாட் வற்றுகிறது. நினைவுச் செல்லின் இயல்பே பல ஆண்டுகள் உயிரோடிருந்து தேவைப்படும்போது விழித்தெழுவதுதான். சிகிச்சையில் இருப்பவர்களிடமும் இத்தகைய செல்கள் இருப்பதை 1997இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் காட்டின. பெருகத்தக்க வைரஸை மீட்டெடுக்க முடிகிற செல் பத்து லட்சம் ஓய்வுநிலை சிடி4 செல்களுக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதாகவும், அந்த இருப்பு பாதியாகக் குறைய 44 மாதங்கள் ஆவதாகவும் பின்னர் கணக்கிடப்பட்டது. அந்த வேகத்தில் அது முற்றிலும் தீர 70 ஆண்டுகளுக்கு மேலாகும். எஞ்சியிருக்கும் புரோவைரஸ்களில் பெரும்பாலானவை துண்டு விடுபட்டோ, ஏபோபெக்கின் மாற்றங்களால் சிதைந்தோ கிடப்பவை என்பது ஆறுதல்தான். ஆனால் முழுமையான சில இருந்தால் போதும். மருந்து நின்ற சில வாரங்களுக்குள் அவற்றில் ஒன்று விழித்துக்கொள்கிறது.

இந்த உறக்கத்தை இரண்டு நேரெதிர் வழிகளில் கையாள முயல்கிறார்கள். ஒன்று, ஹெச்டிஏசி நொதிகளைத் தடுத்துப் புரோவைரஸை எழுப்பி, எழுந்த செல்லை அழிப்பது. வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்து அப்படி எழுப்புவதை 2012இல் காட்டினார்கள். வைரஸ் ஆர்.என்.ஏ. கூடியது, ஆனால் தொற்றிய செல்களின் எண்ணிக்கை குறையவில்லை. மற்றொன்று, டாட்டையே முடக்கி உறக்கத்தை நிரந்தரமாக்குவது. இரண்டாவது வழி நடக்கக்கூடியதே என்று நினைக்கத் தூண்டுபவர்கள், மருந்தின்றியே வைரஸை அளவிட முடியாத நிலையில் வைத்திருக்கும் சிலர். தொற்று உள்ளவர்களில் அவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. 64 பேரின் செல்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், அவர்களிடம் முழுமையான புரோவைரஸ்கள் இருந்தன, ஆனால் அவற்றில் பல, செல் தானே இறுக்கிப் பூட்டி வைத்திருக்கும் குரோமோசோம் பகுதிகளில் இருந்தன. அவை தொடக்கத்தில் அங்கே மட்டும் போய் விழுந்தன என்று கருத வேண்டியதில்லை. வெளிச்சமான இடங்களில் விழுந்தவை படிக்கப்பட்டு, புரதங்கள் வெளித்தெரிந்து, தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்களால் பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் களையப்பட்டிருக்க, படிக்கப்படாத இடங்களில் விழுந்தவை மட்டும் மிஞ்சின என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். நீண்ட ஆண்டுகள் இடைவிடாமல் சிகிச்சையில் இருப்பவர்களிடமும் இதே திசையிலான மாற்றம் மெதுவாக நிகழ்வதற்கான தடயங்கள் பின்னர் கிடைத்திருக்கின்றன.